படத்தின் தலையை வெட்டாமல் காட்டுங்கள்

பழைய தமிழ்ப் படங்களின் நெகட்டிவ் உரிமையை வைத்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும், அந்த உரிமையை வாங்கி ஓட்டுகிற ஓடிடி தளங்கள், தொலைக்காட்சிகளின் நிர்வாகிகளுக்கும்,

நான் சந்தா கட்டிப் படம் பார்க்கிறவன். கொஞ்ச நாளாகப் பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துவருகிறேன். அதில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' ஒரு தளத்தில் இருந்தது. கோடு விழுந்த, நிறம் மங்கிய பிரிண்ட்தான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தது, ஆனால் முழுப் படம் இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் காட்டலாம் என்று மறுபடி தேடியபோது அது இல்லை. அந்த இடத்தில் 'புதுப்பிக்கப்பட்ட எச்டி' என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. டிவி முழுக்க நிறைகிறது, சரி. விஜயனின் நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பேசுகிறவர்களின் கைகள் திரைக்குக் கீழே எங்கோ போய்விட்டன.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பார்வையாளர்களின் முழுத்திரை அனுபவத்துக்காக இந்த முடிவு என்று பதில் வந்தது. அந்தப் பார்வையாளர்களில் நானும் ஒருவன், என்னை யாரும் கேட்கவில்லை. அந்தப் பதிலைப் படித்த பிறகுதான், ஒரு தளத்தோடு நிறுத்தாமல் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் என்கிற அகலத்திரை வகை அல்லாத அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவியின் அகலம் 1.78. அதைப் பட்டையில்லாமல் நிரப்ப வேண்டுமானால் மேலேயும் கீழேயும் சேர்த்து உயரத்தில் ஏறக்குறைய 23 சதவீதத்தை வெட்ட வேண்டும். கிட்டத்தட்ட கால்வாசிப் படம். ஸ்கோப் படங்களுக்கு இதே வேலை பக்கவாட்டில் நடக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்குப் பிறகு வந்த ஸ்கோப் படங்களை டிவிக்காக நிரப்பும்போது எதிரெதிரே நின்று பேசுகிற இருவரில் ஒருவர் மூக்கு மட்டுமாக மிஞ்சுகிறார்.

என் சித்தப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். ரீல் மாறும்போது சில சமயம் ஃப்ரேம் நழுவி, சிவாஜியின் தலை திரையின் அடியிலும் கால் மேலேயும் தெரியும். தரை டிக்கெட்டிலிருந்து "ஃப்ரேம்! ஃப்ரேம்!" என்று ஒரே சத்தம் எழும்பும், கூடவே சித்தப்பாவின் குடும்பத்தைப் பற்றியும் நாலு வார்த்தை வரும். அவர் குமிழைத் திருகிச் சரிசெய்துவிடுவார். மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவனுக்குக் கிடைத்த அந்த மரியாதைகூட, மாதாமாதம் பணம் கட்டும் எனக்கு உங்களிடம் கிடைக்கவில்லை.

'உதிரிப்பூக்க'ளுக்கே வருகிறேன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பி வேறு எங்கோ போய்ச் சேர்ந்த படம் அது. 1979இல் வந்தது. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு என்கிற அந்த மனிதன் கத்துவதில்லை, கண்ணை உருட்டுவதில்லை. சிரித்தபடியே வீட்டில் இருப்பவர்களைக் கொல்லாமல் கொல்கிறான். இப்போது பார்த்தபோது எனக்கு அவனைவிட அவன் மனைவியாக வரும் அஸ்வினியின் லட்சுமிதான் அதிகம் பட்டாள். அவள் எதிர்த்துப் பேசுகிற இடங்கள் குறைவு. அந்த மௌனத்தை அசோக்குமாரின் கேமரா தூரத்தில் நின்று பார்க்கிறது. அறை, வாசல், வெளிச்சம் எல்லாம் சேர்ந்துதான் அவள் நிலையைச் சொல்கின்றன. உங்கள் எச்டியில் அறை போய்விட்டது, முகம் மட்டும் இருக்கிறது. ஜானகி பாடும் 'அழகிய கண்ணே' காட்சியில் அம்மாவையும் பிள்ளைகளையும் சுற்றி இருக்கும் வெளிதான் பாதிப் பாட்டு. அதை எடுத்துவிட்டால் ஆடியோ மட்டும் போதுமே, டிவி எதற்கு?

கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே என்கிற பொருளில் அவன் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். பிள்ளைகள் கரையில். மனிதர்கள் சிறிதாகவும் ஆறும் வானமும் பெரிதாகவும் தெரிய வேண்டிய இடம் அது. பழைய பிரிண்டில் கோடு விழுந்திருந்தாலும் அந்தப் பரப்பு இருந்தது, நெஞ்சு அடைத்தது. புதியதில் தண்ணீரின் ஒரு துண்டும் தலைகளும் தெரிகின்றன. அம்மா, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். 1979இல் அதைத் தியேட்டரில் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வீடு திரும்பியதாகச் சொல்கிறவர் அவர்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அவருக்குக் காது மந்தம். பழைய படங்களின் ஒலி தேய்ந்துபோயிருக்கிறது, பின்னால் இரைச்சல் வேறு. கீழே தமிழில் எழுத்து ஓடினால் அவர் படித்துக்கொள்வார். நான் பார்த்த தளங்களில் தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் இருக்கிறது, பல படங்களுக்கு அதுவும் இல்லை. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் யாருக்கு என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டுக்கு ஒரு பெரியவராவது அப்படித்தான் இருக்கிறார். கொரியத் தொடருக்குத் தமிழ் எழுத்துப் போட உங்களிடம் ஆள் இருக்கிறார்கள்.

அடுத்து 'அவள் அப்படித்தான்'. 1978 தீபாவளிக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படம். ருத்ரய்யா இயக்கியது, வண்ணநிலவன் எழுத்தில் பங்கெடுத்தது. இந்தப் படம் இவ்வளவு நாள் கழித்தும் ஆறிப்போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு யாருக்கும் பிடித்தமானவளாக இருக்க முயற்சி எடுப்பதே இல்லை. கமலின் அருண் நல்லவன், பெண்களைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கிறவன், ஆனால் அந்த நல்லதனம் அவளுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. முதல்முறை பார்த்தபோது ரஜினியின் தியாகுதான் கெட்டவன் என்று தெளிவாக இருந்தது. இப்போது பார்க்கையில், நெற்றியில் விபூதியோடு மனதில் இருப்பதை ஒளிக்காமல் பேசுகிற அவனைவிட, எல்லாம் புரிந்துகொண்டு கடைசியில் சௌகரியமான ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டு வந்து நிற்கிற அருண்மேல்தான் கோபம் வருகிறது. சரிதா வரும் அந்தக் கடைசிக் காட்சி சில நிமிடங்கள்தான். மஞ்சு கேட்கும் கேள்விக்கு அந்தப் பெண் வெள்ளந்தியாக எனக்கு ஒன்றும் தெரியாதே என்கிறாள். இதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை.

இந்தப் படத்தை நான் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். குறைந்த வெளிச்சத்தில் துணிந்து எடுத்த படம் இது. நல்லுசாமியும் ஞானசேகரனும் ஒளிப்பதிவு. முகத்தில் பாதி இருட்டில் இருக்கும். அந்த இருட்டில் பல தரங்கள் உண்டு. நீங்கள் ஏற்றியிருக்கும் பிரதியில் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, கரிய சில்லுகளாக அசைகிறது. மஞ்சு தன் பழைய காதலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் கன்னத்தில் சதுரங்கள் ஓடின. போதாததற்கு உங்கள் தளத்தின் சின்னம் ஒரு மூலையில், யாரோ பழைய கேசட் கம்பெனியின் சின்னம் இன்னொரு மூலையில். டைட்டில் கார்டு பாதியில் வெட்டப்பட்டு, நேராகக் காட்சிக்குத் தாவுகிறது. அந்தப் படத்தில் வேலை செய்தவர்களில் பலருக்குத் தாங்கள் அதில் இருந்தோம் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அந்த டைட்டில் கார்டுதான். அதை எந்த உரிமையில் வெட்டினீர்கள்?

'அந்த நாள்' பற்றி அதிகம் புலம்ப மாட்டேன், அது ஓரளவு நல்ல நிலையில் கிடைத்தது. 1954இல் வீணை எஸ். பாலசந்தர் எடுத்த, பாட்டே இல்லாத படம். ஜப்பான்காரன் 1943இல் சென்னையில் குண்டு போட்ட நாளில் கதை நடக்கிறது. தொடங்கிய கையோடு கதாநாயகன் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக அலட்டாமல் உட்கார்ந்து கேட்கும் அழகு இருக்கிறதே, இன்றைய போலீஸ் கதாபாத்திரங்கள் அவரிடம் டியூஷன் போகலாம். பண்டரிபாயைப் பற்றிச் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும், விட்டுவிடுகிறேன். இந்தப் படத்திலும் நான் பார்த்த பிரதி இடையிடையே தாவுகிறது. பாட்டு நீளம் என்று சொல்லி வெட்டவும் வழியில்லாத படத்தில் எதை வெட்டினார்கள் என்று தெரியவில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' தொலைக்காட்சியில் பார்த்தது. கத்திக்குத்திலிருந்து பிழைத்து வந்த சிக்கல் சண்முகசுந்தரம் சபையில் உட்கார்ந்திருக்கிறார். மோகனா ஆடிக்கொண்டே 'நலந்தானா' என்று ஊரறியக் கேட்கிறாள், ஊருக்குத் தெரியாமல் கேட்கிறாள். சுசீலாவின் குரல், மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம், பத்மினியின் கண், சிவாஜியின் கண். அவர் கண் கலங்கத் தொடங்குகிற அந்த நொடியில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. விளம்பரம் போடாதே என்று சொல்லவில்லை, உங்கள் பிழைப்பு அது. பாட்டு முடிகிறவரை எண்ணெய் பொறுக்காதா? நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்கு உடுத்திய பட்டுகளில் எத்தனை நிறம் இருந்திருக்கும்! இப்போது பச்சையும் நீலமும் வெளுத்து, எல்லார் முகமும் ரோஜா நிறத்தில் நிற்கிறது. அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமின் சாயம் இப்படித்தான் இறங்கும் என்பது உங்கள் லேப்காரர்களுக்குத் தெரியும். ஸ்கேன் செய்து சரிப்படுத்தலாம் என்பதும் தெரியும். சென்னையிலேயே பிரசாத் நிறுவனம் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் பழைய படங்களை ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்துக் கொடுத்துவருகிறது. கை நம்மூர்க் கை, படம் மட்டும் வெளியூர்ப் படம்.

இனி 'வீடு'. பாலு மகேந்திரா 1988இல் எடுத்தது. அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. நான் கடன் வாங்கி வீடு கட்டியவன். அதனால் சிமெண்ட் மூட்டை காணாமல் போகும் காட்சியில் சும்மா உட்கார முடியவில்லை. காண்டிராக்டரின் திருட்டைச் சித்தாள் மங்கம்மா போட்டுடைக்கிறாள், அதற்காக அவன் அவளை அடிக்கப் பாய்கிறான். கையெழுத்துக்கு ஒரு தொகை, அனுமதிக்கு ஒரு தொகை என்று பிடுங்குகிற அலுவலகங்களில் இன்றைக்கும் மேஜைகள்தான் மாறியிருக்கின்றன. சொக்கலிங்க பாகவதர் செய்த அந்தத் தாத்தா, பாதி எழும்பிய வீட்டுக்குள் தனியாக நுழைந்து ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்க்கிறார், சுவரைத் தடவுகிறார். இளையராஜாவின் வயலின்கள் போகின்றன. அந்த நடையில் வசனம் ஒன்றும் கிடையாது. அந்தக் கிழவருக்கு இனி என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்ததோ பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்ததுபோல் கலங்கிய பிரதி. பூசாத செங்கல் சுவரின் சொரசொரப்பு தெரிய வேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ நெளிகிறது.

இந்தப் படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பாலு மகேந்திராவே பொதுமேடையில் சொல்லி வருந்தியிருக்கிறார். 'சந்தியா ராக'த்தைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். தமிழ்நாட்டில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 2014இல் போய்ச் சேர்ந்தார். எடுத்தவர் கண் முன்னாலேயே படம் அழிந்தது.

இது நமக்குப் புதிதல்ல என்பதுதான் கொடுமை. தெற்கில் எடுத்த முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. 1931இல் வந்த, தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போனால் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. அணாக் கணக்கில் விற்ற தாள் தப்பித்தது, ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் தப்பவில்லை. தெற்கில் எடுத்த மௌனப் படங்களில் நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' இன்றும் இருக்கிறது. காரணம், கதை உரிமை வழக்கில் சிக்கி அதன் பிரதி ஒரு பதிப்பகத்தில் முடங்கிக் கிடந்ததுதான். வழக்கு போட்டால்தான் படம் பிழைக்கும் என்றால் சொல்லுங்கள், வக்கீல் பார்க்கிறோம்.

பணம் இல்லை, பார்க்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் மெருகேற்றித் திரையிடப்பட்டு 100 நாளைத் தாண்டி ஓடியது. பேரன்களோடு வந்து பார்த்த கூட்டம் அது. சத்யஜித் ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் தீயில் கருகின. அந்தக் கருகல்களையே ஊறவைத்து, பிரித்து, 2015இல் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டைப் பாருங்கள்: மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'கும்மாட்டி', 'தம்ப்' இரண்டும் மீட்கப்பட்டன. 'தம்ப்' 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதைச் செய்ததில் மும்பையிலிருந்து இயங்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்குப் பெரிய பங்கு. மத்திய அரசும் தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்துக்கு 597 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்தான். உரிமைப் பத்திரம் உங்கள் பெட்டியில் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் அந்த ரீலைத் தொட முடியாது.

புதுத் தொழில்நுட்பம் வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறோம் என்று நீங்கள் சொல்வதில்தான் இப்போது எனக்குப் பயம் அதிகம். 2025 ஆகஸ்டில், 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, செத்த நாயகனைப் பிழைக்கவைத்து மறுபடி தியேட்டருக்கு விட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடித்த தனுஷும் எதிர்த்தார்கள், படம் ஓடத்தான் செய்தது. அவர்கள் உயிரோடு இருந்ததால் எதிர்க்க முடிந்தது. மகேந்திரன் இல்லை, ருத்ரய்யா இல்லை, பாலு மகேந்திரா இல்லை. நாளைக்கு ஒருவர் சுந்தரவடிவேலுவை ஆற்றிலிருந்து கரையேற்றித் திருத்திவிட்டால் யார் கேட்பது? இப்போதே நீங்கள் 'மேம்படுத்தும்' முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கின்றன. சுருக்கமும் அம்மைத் தழும்பும் துடைக்கப்பட்டுவிடுகின்றன.

கேட்பவற்றைத் தெளிவாகவே கேட்கிறேன்.

ஓடிடி தளங்களும் தொலைக்காட்சிகளும் படத்தை எடுத்த அளவிலேயே காட்ட வேண்டும். திரையை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பொத்தான் வையுங்கள், அவர்கள் வீட்டிலேயே வெட்டிக்கொள்ளட்டும். தூக்கிய பழைய பிரதிகளை, புதியது முழுமையாக வரும்வரை, திருப்பிப் போடுங்கள். டைட்டில் கார்டையும் பாட்டையும் தொடாதீர்கள். ஏதாவது பகுதி கிடைக்கவில்லை என்றால், தணிக்கைச் சான்றிதழில் உள்ள நீளம் இவ்வளவு, இங்கே இருப்பது இவ்வளவு என்று படத்தின் பக்கத்தில் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவு தொட்ட பிரதி என்றால் அதையும் சொல்லுங்கள், தொடாததையும் பக்கத்தில் வையுங்கள். தமிழ்ப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கொடுங்கள். பாட்டின் நடுவே விளம்பரம் வேண்டாம்.

உரிமையாளர்களே, உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். நெகட்டிவ் எந்த லேபில், எந்த நிலையில் இருக்கிறது என்று தயாரிப்பாளர் சங்கத்தின் வழியாக ஒரு பட்டியலைத் தயாரித்து வெளியிடுங்கள். இருப்பதைப் புனேயில் உள்ள தேசியக் காப்பகத்தின் குளிரறைக்கு அனுப்புங்கள். கொடுத்தால் உரிமை போய்விடும் என்ற பயம் வேண்டாம், காப்பதற்குக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு முடிந்தால் அந்த உரிமை எப்படியும் போகத்தான் போகிறது. 'அந்த நாள்' ஏற்கனவே பொதுச் சொத்தாகிவிட்டது. 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு 2028 டிசம்பரோடு முடிகிறது. அதுவரை பூட்டி வைத்துவிட்டு, பிறகு புளித்த ரீலைப் பொதுமக்கள் கையில் கொடுப்பீர்களா?

ஒரே ஒரு படத்திலாவது தொடங்குங்கள். 2028 தீபாவளிக்கு 'அவள் அப்படித்தான்' வெளியாகி 50 ஆண்டு ஆகிறது. கிடைக்கும் பிரிண்ட்களைத் திரட்டி, இருட்டு இருட்டாகத் தெரிகிற, டைட்டில் கார்டில் எல்லார் பெயரும் இருக்கிற முழுப் பிரதி ஒன்றை அந்தத் தீபாவளிக்குத் தியேட்டரில் போடுங்கள். டிக்கெட் விலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு சீட் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
தஞ்சாவூர்ப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவரின் அண்ணன் மகன்